இருட்டு வாங்கப் போனவன்

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு சாயங்காலம் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு உணவகத்தின் பின்கதவைத் திறந்தேன். ஆகாயம் எரிந்துகொண்டிருந்தது. மேகத்தின் அடிவயிறு முழுக்க ரோஸ், ஓரத்தில் ஆரஞ்சு. பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி "தீ! தீ!" என்று முதலாளியைக் கூப்பிட்டேன். முதலாளி பஞ்சாப்காரர், இருபது வருடமாக இங்கே இருப்பவர். தந்தூரி அடுப்பை விட்டு நகராமலேயே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டொமேட்டோ" என்றார். நான் மறுபடியும் "தீ" என்றேன். அவர் மறுபடியும் "டொமேட்டோ" என்றார். மறுநாள்தான் விளங்கியது. நெதர்லாந்தின் இந்தக் கடலோரப் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி வீடுகள். சூரியன் லீவு போடும் மாதங்களில் தக்காளிச் செடிக்கு விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டு, ஊர்மேல் ஆரத்தித் தண்ணீரைக் கொட்டியதுபோல் நிற்கிறது. ராத்திரியில் சில மணி நேரம் திரையை இழுத்து மூடியாக வேண்டும் என்று சட்டம்கூட உண்டாம். இருட்டுக்குச் சட்டம் போட்ட ஊர். நம் மலையில் இருட்டு கேட்பாரற்றுக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கவலைப்படுவது எனக்கு முழுநேரத் தொழில். சமையல் பக்கத் தொழில். கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வந்து, பார்த்துவிட்டுப் போய், பார்த்தேனா என்று பார்க்க மறுபடி வருகிறவன். பூம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கொடைக்கானலில் ஒரு விடுதிச் சமையலறையில் கேரட் நறுக்க உட்கார்ந்தேன். நறுக்கி நறுக்கி இங்கே வந்து சேர்ந்தேன். இந்தியச் சமையல்காரனுக்கு இங்கே விசா கிடைக்கிறது என்று யாரோ சொன்னதை, பொய்யாக இருக்குமோ என்று ஒரு வருடம் கவலைப்பட்டு, நிஜம்தான் என்று தெரிந்ததும் இன்னொரு வருடம் கவலைப்பட்டு, கடைசியில் விமானம் ஏறினேன்.

வானத்தைப் படம் எடுக்கிறவனாக ஆனதற்கும் என் படிப்புதான் காரணம். ஊருக்கு நல்ல படமாக அனுப்பலாமே என்று இணையத்தில் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றைப் பார்த்தேன். மலிவு. விளம்பரம் டச்சு மொழியில் நாலு பத்தி. எனக்கு அதில் விலை மட்டும்தான் புரிந்தது. வாங்கி வந்து பிரியாணியைப் படம் எடுத்தால், பிரியாணி சிவப்பு. முதலாளியை எடுத்தால், முதலாளி சிவப்பு. புல்தரைகூடச் செங்கல் சூளை மாதிரி. நன்றாக ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனதைத் தேற்றிக்கொண்டு, விற்றவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஹன்னக்கே என்று பெயர், என்னைவிட ஒரு முழம் உயரமான அம்மாள், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. படத்தை நீட்டி, "எல்லாம் சிவப்பாக வருகிறது" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "ஆமாம், ரொம்ப நன்றாக வருகிறது, இல்லையா?" என்றார். நம் ஊரில் என்றால் அந்த இடத்திலேயே கூட்டம் கூடியிருக்கும். நான் இன்னும் பணிவாக, "மனிதர்களும் சிவப்பாக வருகிறார்கள்" என்றேன். "மனிதர்களை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நிஜமான சந்தேகம்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்துச் சொன்னார். சாதாரணக் கேமராவுக்குள் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. அது அடர்சிவப்பு ஒளியைத் தடுத்துவிடும். வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி மண்டிக் கிடக்கும் வாயு மேகங்கள் சரியாக அந்தச் சிவப்பில்தான் ஒளிர்கின்றன. ஆகவே இந்தக் கேமராவில் அந்தத் தகட்டைக் கழற்றவைத்திருந்தார். அதைத்தான் அந்த நாலு பத்தியிலும் எழுதியிருந்தாராம். பிடிக்கவில்லை என்றால் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். படிக்கத் தெரியாமல் வாங்கினேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, "எனக்கு வானம்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இரண்டு வருடம் படித்தேன். டிராக்கர் என்று ஒரு சின்ன மோட்டார் பெட்டி வாங்கினேன். பூமி சுற்றுகிற அளவுக்கு எதிர்ப்பக்கமாகக் கேமராவை மெதுவாகத் திருப்பும், நட்சத்திரம் கோடாக இழுபடாது. அதை வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும்; இந்த ஊருக்கு ஐம்பத்திரண்டு டிகிரி. ஒன்பதாம் வகுப்பில் நான் விட்டுவிட்டு ஓடிய கோணமானி, நாற்பத்தொரு வயதில் வந்து சட்டையைப் பிடித்தது.

ஆனால் இங்கே எங்கே எடுப்பது? மேகம் விலகினால் தக்காளி. தக்காளி மூடினால் மழை. ஹன்னக்கே ஒருநாள் என் ஊர் எது என்று கேட்டு, வரைபடத்தில் கொடைக்கானல் மலையைப் பெரிதாக்கிப் பார்த்து, "இவ்வளவு இருட்டை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எங்கள் ஊரில் கேரட், பூண்டு, உருளைக்கிழங்குக்கு அடுத்து ஏதாவது விளைகிறது என்று முதல்முதலில் ஒருவர் சொல்கிறார்.

பிப்ரவரியில் லீவு கிடைத்தது. வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து மடியில் கேமராப் பை. கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தரம் ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொண்டேன். வீட்டில் அண்ணன் பாண்டியும் மதினி செல்வியும் மட்டும்தான். அவர்கள் பிள்ளைகள் இருவரும் மதுரையில் படிக்கிறார்கள். போன அன்றே மதினி பட்டுச் சேலை கட்டி நின்று, "ஃபாரின் கேமரால ஒரு படம் எடுங்க கொழுந்தனாரே" என்றார். எடுத்துக் காட்டினேன். "என்னங்க இது, வெத்தலையப் போட்டு மூஞ்சில துப்புன மாதிரி இருக்கு?" என்றார். விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பி, "ஏங்க, உங்க தம்பி கெட்டுப்போன கேமராவக் காசு குடுத்து வாங்கியிருக்காரு. கேட்டா வானத்தக் காட்டுறாரு" என்றார். இரண்டு வரியில் என் இரண்டு வருடப் படிப்பு முடிந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு எனக்கு உண்மையான இடி விழுந்தது. தோட்டத்து மோட்டார் ரூமில் அண்ணன் ஒரு சுவிட்சைத் தட்டினார். கம்பத்தின் உச்சியில் ஃபோகஸ் லைட் ஒன்று எரிந்தது. படிப்படியாக இறங்கும் பூண்டுப் பாத்தி முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெள்ளை. வானத்தில் நட்சத்திரத்தின் சுவடே இல்லை. கல்யாண மண்டபம் தோற்றது.

"எதுக்குண்ணே இது?"

"காட்டுமாட்டுக்கு. பூண்ட அது திங்காது. கீழ்ப்பாத்தியில கேரட்டு கெடக்குல்ல, அதுக்கு வரும். வர்ற வழியில பூண்டெல்லாம் மிதிச்சுத் தொவையலாக்கிரும்."

மூன்று வருடத்துக்கு முன்பு கேரட்டு மொத்தமும் போனதும், அதற்கப்புறம் அண்ணன் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் எனக்குப் போனில் வந்த செய்திகள். உட்கார்ந்து உட்கார்ந்து, பகலில் களை வெட்டும்போது நின்றபடியே தூங்கி விழுந்தாராம். இந்த லைட் வந்த பிறகுதான் அந்த மனிதர் படுக்கையில் முதுகைச் சாய்த்திருக்கிறார். மேலே இருக்கும் மூன்று பாத்தியும் விதைப்பூண்டு. ஒவ்வொரு வருடமும் நல்ல பூண்டாகப் பொறுக்கி எடுத்து, அதையே மறுபடி நட்டு, பத்து வருடமாக அண்ணன் தேற்றி வைத்திருக்கும் விதை. அறுப்புக்கு இன்னும் மூன்று வாரம். அது போனால் அடுத்த போகத்துக்கு ஊரானிடம் கையேந்தி வேறு விதை வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நேரே அண்ணனிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் செண்பகனூர் வரைக்கும் ஒரு சோலியாகப் போனவன், திரும்பும் வழியில் கொடைக்கானல் பஜாரில் ஜபார் பாய் கடையில் ஏறினேன். அந்த லைட்டை விற்ற புண்ணியவான் அவர்தான். வெளிச்சத்தைக் குறைக்கிற மாதிரி, மூடி போட்ட மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"தம்பி, நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன். வெளிச்சம் பத்தலைன்னு வருவாக. இருட்டு வேணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"வானத்தப் படம் எடுக்கணும் பாய். ஒரு மணி நேரம் இருட்டு இருந்தாப் போதும்."

"அப்ப சுவிட்ச அமுக்குங்க. அதுக்கு எதுக்கு என்கிட்ட சாமான் வாங்குறீக?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணங்கிட்டக் கேட்டுட்டு அமுக்குங்க" என்றார்.

கேட்டேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மதினிதான், "ஒரு மணி நேரந்தானே, புள்ள ஆசப்படுது" என்றார், நாற்பத்தொரு வயசுப் பிள்ளைக்காக.

"ஏலே, லைட்ட அமத்துனா நீதான் காவல்" என்றார் அண்ணன். "சத்தம் கேட்டா உடனே போட்டுறணும். அது என்னா ஏதுன்னு யோசிக்கப்படாது. மாடு வேலியத் தாண்டி உள்ள கால வச்சிருச்சுன்னா அப்புறம் லைட்டு எரிஞ்சாலும் ஒண்ணுதான் எரியாட்டியும் ஒண்ணுதான்."

"கவலைப்படறதுக்கு என்னைய விட்டா ஆள் ஏதுண்ணே" என்றேன். அண்ணனும் சிரித்தார். ஊரில் என்னை நம்பலாம் என்று சொல்லக்கூடிய ஒரே விஷயம் அது.

அமாவாசைக்கு மறுநாள். ஏழு மணிக்கே மோட்டார் ரூம் வாசலில் முக்காலியை நட்டுவிட்டேன். டிராக்கரின் சாய்மானத்தை ஐம்பத்திரண்டிலிருந்து பத்துக்கு இறக்க வேண்டும்; உலக வரைபடத்தில் நம் ஊர் அவ்வளவு கீழே இருக்கிறது. பத்து டிகிரியில் வடதுருவ நட்சத்திரம் எதிர்மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்நிய நாட்டில் தினமும் நேருக்கு நேர் பார்க்கிற நட்சத்திரம், சொந்த ஊரில் தெரியவில்லை. போனில் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பிவிட்டு, சுவிட்சை அமுக்கினேன்.

ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் எல்லாம் தெரிந்தது. அந்த வானத்தின் கீழேதான் பிறந்து வளர்ந்திருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொன்ன அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நெதர்லாந்தில் தெற்கே கூரை விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் வேட்டைக்கார நட்சத்திரக் கூட்டம், இங்கே உச்சந்தலைக்கு மேலே ஏறிக் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் இடுப்பில் மூன்று நட்சத்திரம். தோளில் சிவப்பாகத் திருவாதிரை. சோறு வைத்துவிட்டுப் பார்க்க வந்த மதினியிடம் காட்டினேன்.

"அதுதான் உங்க நட்சத்திரம் மதினி. கெழடு தட்டி ஊதிப்போன நட்சத்திரம். என்னைக்காவது வெடிச்சிரும்."

"எனக்கு அமைஞ்சதெல்லாம் அப்படித்தான். வெரசா முடிச்சிட்டு வாங்க, குழம்பு ஆறிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கூட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய சிவப்பு வளையம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சாதாரணக் கேமராவுக்கும் லேசில் சிக்காது. என்னுடையது மாதிரி தகடு கழன்ற கேமராவுக்கும், நல்ல இருட்டுக்கும்தான் படியும். ஒரு நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம், மொத்தம் அறுபது. பின்னால் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையம் தெளியும். முதல் ஃபிரேமின் மூலையிலேயே, நகம் பட்ட கீறல் மாதிரி, மங்கலாக ஒரு சிவப்பு வளைவு. பார்த்தேன், பார்த்தது நிஜமா என்று மறுபடி பார்த்தேன்.

பத்து, இருபது, முப்பது. பேட்டரி தீருமோ, பனி லென்ஸில் இறங்குமோ, டிராக்கர் வழுக்குமோ என்று நிமிடத்துக்கு ஒன்றாகக் கவலைப்பட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொன்று முடிந்து நாற்பத்திரண்டு ஆரம்பித்தபோது, மேலே வேலிப் பக்கம் கல் ஒன்று உருண்டது. அப்புறம் ஒரு மூச்சு. பஸ் பிரேக்கில் காற்றைத் திறந்துவிட்டதுபோல.

சுவிட்ச் என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பசுவாக இருக்கும் என்று நினைத்தேன். இந்த ஃபிரேம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. சத்தம் இல்லை, போய்விட்டது போல என்று அடுத்ததையும் விட்டேன். நாற்பத்து நான்காவதில், ஈர மண்ணில் எதுவோ மெதுவாக ஊன்றி எடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்போதும் கேமராவின் சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு அது அணையும்வரை காத்திருந்தேன். பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்த நான், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் ஆகாது என்று நினைத்த மூன்று நிமிடம் அது.

லைட்டைப் போட்டபோது மூன்று நின்றன. வீட்டுச் சுவர் அளவுக்குக் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டது போல. மூன்றும் விதைப்பூண்டுக்குள் நின்று, யார்டா இவன் என்று என்னைப் பார்த்தன. விரட்டக் கத்தினேன் என்று சொல்ல ஆசை. என் வாயில் வந்தது "சாரி". இந்த நாட்டில் யார்மீதாவது லேசாக இடித்தால் சொல்லிப் பழகிய அதே "சாரி". கீழேயிருந்து அண்ணன் தகரத்தை அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மாடுகள் அவசரம் காட்டாமல் திரும்பி, மிதிக்காத பாத்தியாகப் பார்த்து மிதித்துக்கொண்டு மேலே ஏறிப் போயின.

"எப்படா லைட்டப் போட்ட?"

"சத்தம் கேட்டதும் போட்டுட்டேன்ணே."

அண்ணன் தலையை ஆட்டினார். அன்றைக்குக் குழம்பு ஆறித்தான் போனது.

வெள்ளனே எழுந்து போனபோது அண்ணன் ஏற்கெனவே பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மேல்பாத்தி இரண்டு மொத்தமும் போய்விட்டன, மூன்றாவதில் பாதி. அவர் பூண்டைப் பார்க்கவில்லை, குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியிலிருந்து மூன்றாம் பாத்தி வரைக்கும் தடம் ஒவ்வொன்றும் அச்சுக் குத்தியது மாதிரி சுத்தமாகப் பதிந்திருந்தது. விரலை ஒரு தடத்துக்குள் வைத்து அளந்தார்.

"வேலிகிட்டயே வெளிச்சம் பட்டா மாடு வெருண்டு திரும்பும். குளம்பு மண்ணத் தூக்கி எறிஞ்சிருக்கும். இது நின்னு, மோந்து பாத்து, நடந்து வந்திருக்கு" என்றார். முகத்தைத் திருப்பவில்லை. "எத்தன நிமிசம்டா?"

என் கேமராவில் நேரம் பதிந்திருந்தது. அவருக்கு மண்ணில் பதிந்திருந்தது. இரண்டும் ஒன்றையே சொன்னபோது நான் எதைச் சொல்ல?

"மூணு நிமிசம்ணே."

"சரி." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "படம் நல்லா வந்துச்சா?"

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம், சின்ன வயதில் வைத்தவர்தான். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

அன்று முழுக்க மூவரும் குனிந்து, நசுங்காத பூண்டாகப் பொறுக்கினோம். ஈரப் பூண்டின் கார நெடியில் கண் எரிந்தது. அது நல்லதாகப் போயிற்று. விதைக்கு ஆகுமென்று அண்ணன் ஒதுக்கியது ஒரு சாக்குகூட நிறையவில்லை. சாயங்காலம் கணினியில் படத்தை அடுக்கினேன். நாற்பத்தொரு ஃபிரேமை அடுக்கி ஒரு படம், அந்தக் கடைசி மூன்றையும் சேர்த்து நாற்பத்து நான்கை அடுக்கி இன்னொரு படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கும்வரை பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த மூன்று நிமிடத்தால் வானத்தில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

மதினி எட்டிப் பார்த்தார். கறுப்பு வானத்தில் வளைந்து கிடந்த சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றார். அப்புறம் மனது கேட்காமல், "பீட்ரூட்ட மிதிச்ச மாதிரி இருக்கு. ஆனா அழகாத்தான் இருக்கு" என்றார். அண்ணன் பார்க்கவில்லை. கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

திரும்பி வந்து விமான நிலையத்தில் போனை உயிர்ப்பித்தபோது அண்ணனின் குரல்செய்தி ஒன்று காத்திருந்தது. "ஏலே, லைட்டு போட்டாச்சு. நீ நிம்மதியாத் தூங்கு." குத்தல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாளும் வந்தது, "போட்டாச்சு" என்று மட்டும். அதற்கு மறுநாளும் வந்தது. நடந்ததை ஹன்னக்கேயிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, "அற்புதம்! அடுத்த வருடம் மீதிப் பதினாறு ஃபிரேமையும் எடுத்துவிடுங்கள்" என்றார். பூண்டு, விதை, குளம்பு எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தேன். என் ஆங்கிலத்தில் எதுவோ விழுந்துவிட்டதா, அவர் காதில் விழவேண்டியது மட்டும் விழுந்ததா தெரியவில்லை. டிராக்கரை எடுத்தேன். சாய்மானம் இன்னும் பத்திலேயே நிற்கிறது, திருகின் பள்ளத்தில் எங்கள் தோட்டத்து மண் காய்ந்து இறுகியிருக்கிறது. ஐம்பத்திரண்டுக்கு ஏற்ற வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி மார்ச் பிறந்துவிட்டது.

இங்கே மதியம் இரண்டு மணிக்கு அங்கே ஆறரை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து நான் பாத்திரத்தில் கை வைக்கும் நேரத்தில் போன் ஒரு தரம் அதிரும். ஈரக் கையோடு பின்கதவைத் திறந்து வெளியே வந்து நின்று கேட்பேன். "போட்டாச்சு." அந்த நேரத்துக்கு வேட்டைக்காரக் கூட்டம் அண்ணனுக்கு உச்சந்தலைக்கு மேலே வந்திருக்கும். எனக்கு அது அப்போதுதான் கிழக்கே கண்ணாடிக் கூரைகளுக்குப் பின்னால் எழுந்திருக்கும். அண்ணனுக்கு அவர் போட்ட லைட்டில் அது தெரியாது. எனக்கு இந்தப் பகல் வெளிச்சத்தில் தெரியாது. குப்பைத் தொட்டி ஓரமாக நின்று, அது இருக்கும் என்று கணக்குப் போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிண்ணே" என்று அடித்து அனுப்பிவிட்டு உள்ளே போவேன். போய்விட்டு, அனுப்பினேனா என்று பார்க்க மறுபடி வெளியே வருவேன்.